எலக்ட்ரான் நுண்ணோக்கி வாங்கும் முன்: கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழகக் கருவிக்கூடத்தில் எஸ்.இ.எம். (எலக்ட்ரான் கற்றையால் மாதிரியின் மேற்பரப்பை வருடிப் படம் எடுக்கும் நுண்ணோக்கி) பார்த்துக்கொள்பவன் நான். வாங்குவது, வைப்பது, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, எங்கள் இயற்பியல் துறைக்கு ஃபிஸ்ட் திட்டத்தில் (துறைகளின் ஆய்வு வசதிக்கு மத்திய அரசு தரும் நிதி) நிதி கிடைக்கும்போல் இருக்கிறது. எஸ்.இ.எம். போதுமா, டி.இ.எம்.மே வாங்கிவிடலாமா? — துறைத் தலைவர், திருச்சி

டி.இ.எம்.முக்கு (கற்றையை மாதிரியின் ஊடே செலுத்திப் படம் எடுக்கும் நுண்ணோக்கி) ஆசைப்படும் முன் ஒன்றை யோசியுங்கள். எலக்ட்ரான் கற்றை மாதிரியை ஊடுருவிப் போகவேண்டும் என்பதால், மாதிரி 100 நானோமீட்டருக்கும் மெல்லியதாக இருக்கவேண்டும். நானோ துகள் என்றால் கிரிட்டில் (மாதிரியைத் தாங்கும் சிறு வலைத்தகடு) ஒரு சொட்டு விட்டு உலர்த்தினால் போதும். உலோகம், செராமிக், திசு என்றால் மெலிதாக்கத் தனிக் கருவியும், கைப்பழக்கம் உள்ள ஆளும் தேவை. அந்தச் செலவைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எஸ்.இ.எம். என்று முடிவானால் அடுத்த கேள்வி, எலக்ட்ரானைத் தரும் துப்பாக்கி எந்த வகை: டங்ஸ்டனா, ஃபீல்டு எமிஷனா? உங்கள் துறையில் கடந்த ஐந்து ஆண்டுகளில் வந்த கட்டுரைகளை எடுங்கள். வெளியில் காசு கொடுத்து எடுத்த படங்களில் ஸ்கேல் பார் (அளவைக் காட்டும் கோடு) என்ன போட்டிருக்கிறது? பெரும்பாலும் ஒரு மைக்ரான், ஐந்து மைக்ரான் என்றால் டங்ஸ்டனே தாராளம். 30 கிலோவோல்ட்டில் சுமார் 3 நானோமீட்டர் பிரித்துக் காட்டும். படமெல்லாம் 100 நானோமீட்டர் ஸ்கேல் பாரில் இருந்தால் மட்டும் ஃபீல்டு எமிஷனுக்குப் போங்கள்.

டங்ஸ்டன் ஃபிலமென்ட் நூறு மணி நேர அளவில் எரிந்துபோகும். உங்கள் ஆளே மாற்றிக்கொள்ளலாம். ஃபீல்டு எமிஷன் துப்பாக்கி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் அதன் வேக்குவம் (வெற்றிடம்) இரவு பகல், விடுமுறை என்று பாராமல் குறையாமல் இருக்கவேண்டும். மாற்றவேண்டி வந்தால் கம்பெனி என்ஜினியர் வரவேண்டும், செலவு லட்சங்களில். அடிக்கடி கரண்ட் போகும் வளாகத்தில் யு.பி.எஸ்.ஸும் ஜெனரேட்டரும் சரியாக இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

விலை குறைந்தவருக்கே ஆர்டர் என்கிறது எங்கள் கணக்குப் பிரிவு. என்ன செய்வது? — கொள்முதல் குழு உறுப்பினர், கோவை

விதிக்குள்ளேயே வழி இருக்கிறது. இரண்டு உறை முறையில் (தொழில்நுட்ப விவரம் ஓர் உறையில், விலை இன்னோர் உறையில்) டெண்டர் விடுங்கள். ஒரு கம்பெனியின் விளம்பரக் கையேட்டைப் பார்த்து அப்படியே விவரக்குறிப்பு எழுதாதீர்கள். உங்கள் வேலை எதைக் கேட்கிறதோ அதை எழுதுங்கள். 'நாங்கள் தரும் மாதிரியை, 5 கிலோவோல்ட்டில், இந்த உருப்பெருக்கத்தில் எடுத்துக் காட்டவேண்டும்' என்று தொழில்நுட்பச் சுற்றிலேயே நிபந்தனை வையுங்கள். நிறுவிய பிறகு உங்கள் அறையிலும் அதே மாதிரி, அதே படம் வந்தால்தான் கடைசித் தவணை.

இதைவிட முக்கியம், வாரன்டி முடிந்தபின் வரும் ஐந்து ஆண்டு சி.எம்.சி. (உதிரிபாகமும் சேர்ந்த முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) விலையை டெண்டரிலேயே வாங்கி, மொத்தத்தோடு கூட்டி ஒப்பிடுவது. கருவியை மலிவாகக் கொடுத்துவிட்டுப் பராமரிப்பில் பிடித்துக்கொள்வதற்கு அப்போது இடம் இருக்காது. இன்னொன்று: அரசு நிதி பெறும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு அறிவியல் கருவிகள் மீது இருந்த 5% ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலை 18 முதல் இல்லை. அதற்கு முந்தைய கொட்டேஷனை வைத்து பட்ஜெட் போட்டால் துண்டு விழும்.

முதல் மாடியில், லிஃப்ட் பக்கத்து அறையை ஒதுக்கியிருக்கிறார்கள். பரவாயில்லையா? — உதவிப் பேராசிரியர், மதுரை

வேண்டாம். லிஃப்ட் பெரிய இரும்பு. ஏறி இறங்கும்போது சுற்றியுள்ள காந்தப்புலம் மாறும். கற்றை நகரும், படமும் நகரும். டிரான்ஸ்ஃபார்மர், மெயின் கேபிள் பக்கத்தில் இருந்தால் நேரான விளிம்புகூட ரம்பப் பல்லாகத் தெரியும். தரைத்தளம், தனி எர்த், பம்பும் சில்லரும் (கருவியைக் குளிர்விக்கும் அமைப்பு) அடுத்த அறையில், ஏ.சி. காற்று கருவியின் மேல் நேராக அடிக்காத அமைப்பு. அறையில் அதிர்வையும் காந்தப்புலத்தையும் அளந்து எழுத்தில் வாங்கிய பிறகே ஆர்டர் போடுங்கள்.

கொசு லார்வா, இலைப்பரப்பு பார்க்கவேண்டும். தனியாக ஏதாவது வாங்கணுமா? — விலங்கியல் ஆய்வாளர்

வாங்கவேண்டும். குளுட்டரால்டிஹைடில் நிலைநிறுத்தி, எத்தனாலில் படிப்படியாக நீரை எடுத்து, கிரிட்டிகல் பாயின்ட் டிரையரில் உலர்த்தி, மேலே தங்கம் பூசவேண்டும். சும்மா காற்றில் காயவைத்தால் லார்வா சுருங்கி, நீங்கள் பார்க்க வந்த அமைப்பே போய்விடும். டிரையரையும் கோட்டரையும் அதே திட்ட அறிக்கையில் கேட்டுவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

சார், எம்.எஸ்சி. மாணவி நான். எங்கள் துறையில் கருவி இருக்கு, ஆனா தொட விடமாட்டேங்கிறாங்க. ஆபரேட்டர் எடுக்கிற படத்தை வாங்கிட்டு வர்றதுதான் எங்க பயிற்சியா?

இல்லைம்மா. அது பயிற்சியே இல்லை. மாணவர் கை படாத கருவியை மாணவர் பயிற்சிக்கு வாங்கியதாக எழுதுவது தவறு.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஈரமான மாதிரி வேக்குவத்தைக் கெடுக்கும். ஒட்டாத பொடி உள்ளே பறக்கும். காந்தப் பொடி லென்ஸ் முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். வெறுங்கையால் ஸ்டப்பை (மாதிரியை ஒட்டும் சிறு உலோகத் தாங்கி) தொட்டால் விரல் எண்ணெய் உள்ளே போகும். இந்த நாலையும் முதல் நாளே கற்றுக்கொடுத்தால் பெரும்பாலான ஆபத்து தீர்ந்தது. ஸ்டப்பில் கார்பன் டேப் ஒட்டி, பொடியைத் தூவி, மிச்சத்தை ஊதித் தள்ளுவதை நீங்களே செய்யவேண்டும்.

பிறகு ஃபோகஸ். ஃபோகஸுக்குக் கொஞ்சம் மேலே போனால் உருண்டைத் துகள் ஒரு பக்கமாக நீளும், கீழே வந்தால் அதற்குக் குறுக்கே நீளும். அதுதான் அஸ்டிக்மேட்டிசம். நடுவில் நிறுத்தி, அதைச் சரிசெய்யும் ஸ்டிக்மேட்டரின் இரண்டு குமிழையும் மாற்றி மாற்றித் திருப்பினால், ஒரு கட்டத்தில் விளிம்பு பளிச்சென்று நிற்கும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, கை பழகவேண்டும். பழகும்போது ஒரு ஃபிலமென்ட் எரிந்தால் எரியட்டும், லேப் செலவில் எழுதிக்கொள்ளலாம். இதைத் துறைத் தலைவரிடம் காட்டுங்கள்.

சிறிய கல்லூரி, நிதி இல்லை. — முதல்வர், தஞ்சாவூர்

மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் நாடு முழுதும் உள்ள கருவிகளைத் தேடிப் பதிவு செய்யலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள, வெளியாருக்கும் கருவி வசதி தரும் சாய்ஃப் மையத்துக்கும் மாதிரி அனுப்பலாம். பயிற்சி மட்டும் நோக்கம் என்றால் மேசைமேல் வைக்கும் சிறிய எஸ்.இ.எம். நல்லது, அறைக் கட்டுப்பாடு மிகக் குறைவு.

திட்டம் முடிந்ததும் பயிற்சி பெற்றவர் போய்விடுகிறார். — பேராசிரியர், சேலம்

திட்டப் பணத்தில் சம்பளம் வாங்குபவர் திட்டத்தோடு போகத்தான் செய்வார். கருவி கேட்டுப் போகும் கோப்போடு நிரந்தர டெக்னீஷியன் பணியிடம் கேட்கும் கோப்பும் போகட்டும். அது வரும்வரை, எப்போதும் இரண்டு ஆய்வு மாணவர்கள் ஃபிலமென்ட் மாற்றவும் கற்றை சீரமைக்கவும் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும். மூத்தவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்துக் கையெழுத்து வாங்கவேண்டும் என்று துறையில் தீர்மானம் போட்டுவிடுங்கள்.