90 நாளில் முடிந்துவிடும் என்று நினைத்த போர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஆலை, ரயில், ஆள்பலம் எல்லாமே வடக்கிடம்தான் அதிகம் என்கிறீர்கள். அப்படியானால் 1861 ஜூலையில், வர்ஜீனியாவின் புல் ரன்னில், முதல் பெரிய சண்டையிலேயே எப்படித் தோற்று ஓடினார்கள்? தளபதி மெக்டவலின் திறமையின்மைதானே காரணம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மெக்டவல் தலையில் முழுப் பழியையும் போடுவதை என்னால் ஏற்க முடியாது. ஆலை இருந்தது, ரயில் இருந்தது, சரி. படை எங்கே இருந்தது? போர் மூண்டபோது மொத்த ராணுவமே சுமார் 16,000 பேர்தான், அவர்களிலும் பெரும்பாலோர் மேற்கே சின்னச் சின்னக் கோட்டைகளில் சிதறிக் கிடந்தார்கள். வெளியிலிருந்து எதிரி வந்தால் இருக்கிற ராணுவமாவது ஒன்றாக நிற்கும். இங்கே நாட்டோடு சேர்ந்து ராணுவமும் பிளந்தது. ராபர்ட் லீ உட்பட ஏறக்குறைய 300 அதிகாரிகள் தெற்கின் பக்கம் போய்விட்டார்கள். தலைமைத் தளபதி ஸ்காட்டுக்கு 74 வயது, குதிரையில் ஏற முடியாத உடம்பு.

ஏப்ரல் 15 அன்று லிங்கன் 75,000 பேரை அழைத்தார், அதுவும் 3 மாதத்துக்கு மட்டும். 1795-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மேல் இடம் தரவில்லை. மெக்டவல் பயிற்சிக்கு அவகாசம் கேட்டார். ஆனால் பத்திரிகைகள் தெற்கின் தலைநகரான ரிச்மண்டைப் பிடி என்று கத்திக்கொண்டிருந்தன, ஆட்களின் தவணையும் முடியப்போகிறது, அவகாசம் கிடைக்கவில்லை. எதிரியும் உங்களைப் போலப் புதியவன்தானே என்றார் லிங்கன். அது உண்மைதான், ஆனால் பயிற்சியில்லாதவர்களை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் நின்று தடுப்பது வேறு, அதே மாதிரி ஆட்களை நடத்திக் கூட்டிப்போய்த் தாக்குவது வேறு. சண்டை தொடங்கும் நேரத்தில் ஒரு பென்சில்வேனியா ரெஜிமெண்ட் தவணை முடிந்தது என்று ஊருக்குக் கிளம்பியேவிட்டது! சீருடைகூட ஒழுங்குபடவில்லை. நீல உடையில் வந்த தெற்கின் 33-வது வர்ஜீனியா ரெஜிமெண்டைத் தம்மவர்கள் என்று நினைத்துச் சுடாமல் இருந்ததால், வடக்கு தன் பீரங்கிகளையே பறிகொடுத்தது.

என்னால் மன்னிக்க முடியாதது காயம்பட்டவர்களுக்கு நடந்ததுதான். ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டியவர்கள் ராணுவத்தினர் அல்ல, கூலிக்கு வந்தவர்கள். குண்டு விழுந்ததும் பலர் ஓடிவிட்டார்கள். நடக்க முடிந்த காயக்காரர்கள் வாஷிங்டன்வரை நடந்தே போனார்கள், முடியாதவர்கள் களத்திலேயே கிடந்தார்கள். போருக்கு ஆள் திரட்டிய அரசு, அடிபட்டவனைத் தூக்கிவர ஆள் வைக்கவில்லை. 1862 ஆகஸ்டில்தான் மருத்துவர் ஜோனதன் லெட்டர்மன் வடக்கின் போட்டோமாக் படைக்குத் தனி ஆம்புலன்ஸ் பிரிவை முறையாக அமைத்தார். எல்லாப் படைகளுக்கும் அது சட்டமாவதற்கு 1864 ஆகிவிட்டது.