புரொடக்‌ஷன் டேட்டாபேஸுக்கு எந்த மானிட்டர்? கேள்வி பதில்

மானிட்டர்னா ஸ்கிரீன் இல்லை; நிஜ வேலையில் ஓடுற (புரொடக்‌ஷன்) டேட்டாபேஸ் எப்படி ஓடுதுன்னு கவனிச்சுச் சொல்ற மென்பொருள். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ்னு ரெண்டு டேட்டாபேஸ் பத்தியும் கேளுங்க. ஆரக்கிள் லைசென்ஸ் விலை என் பாடத்தில் இல்லை.

தோவாளை: பூ மொத்த வியாபார பில்லிங், மைஎஸ்கியூஎல். ஓணத்துக்கு முந்தின நாட்களில் பில் போட்டா சுத்திக்கிட்டே கிடக்கு. மூணு மானிட்டர் டெமோ பார்த்தாச்சு, எல்லாமே நல்லாத்தான் தெரியுது. எதை எடுக்க?

பதில்: டெமோவில் எது நல்லா தெரியாது? டெஸ்ட் காப்பி ஒண்ணு எடுத்து நீங்களே கெடுத்துப் பாருங்க. ஒரு விண்டோவில் டிரான்சாக்‌ஷன் தொடங்கி, ஸ்டாக் டேபிளில் பிச்சிப்பூ வரியை அப்டேட் பண்ணிட்டு கமிட் பண்ணாம, அதாவது மாற்றத்தை உறுதி செய்யாம விடுங்க. இன்னொரு விண்டோவில் அதே வரியை அப்டேட் பண்ணினா நிக்கும்; முதல் ஆள் வரியைப் பூட்டி வச்சிருக்கார், இதுதான் லாக். இப்ப மானிட்டரில் யார் யாரை மறிக்கிறாங்க, மறிக்கிறவரோட கனெக்‌ஷன் எண், எந்த மெஷின், மூணும் தெரியணும். ‘லாக் வெயிட் 1’னு மட்டும் காட்டுற கருவி ராத்திரி 11 மணிக்கு உதவாது.

இன்னொரு குழி இருக்கு. மைஎஸ்கியூஎல்லுக்குள்ள டேட்டாவைச் சேமிக்கிற இன்னோடிபி, லாக்குக்காக 50 செகண்ட் காத்திருந்துட்டு எரர் கொடுத்துரும். அளவெடுத்துச் சேர்க்கிற மானிட்டர் கருவியான புரொமிதியஸை மாத்தாம விட்டா 1 நிமிஷத்துக்கு ஒருமுறைதான் அளவெடுக்கும். நடுவில் லாக் வந்துட்டுப் போயிரும், கிராஃப் ஒண்ணும் நடக்காத மாதிரி கிடக்கும். 15 செகண்டா குறைச்சுட்டு மறுபடி சோதிங்க. நேரம் எடுக்கிற கொயரிகளை (டேட்டாபேஸுக்குப் போற கட்டளைகளை) எழுதி வைக்கிற ஸ்லோ கொயரி பதிவையும் ஆன் பண்ணுங்க. வரம்பு 10 செகண்ட்ல இருக்கும், 1 ஆக்குங்க.

குளச்சல்: மானிட்டருக்கு ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) பாஸ்வேர்டு கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மைஎஸ்கியூஎல்னா தனி யூசர். பிராசஸ், ரெப்ளிகேஷன் கிளையன்ட், பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் செலக்ட்னு மூணு அனுமதி போதும். கனெக்‌ஷன் உச்சவரம்பு 3 வையுங்க, இல்லேன்னா நெருக்கடியில் மானிட்டரே இடத்தை அடைச்சுக்கும். போஸ்ட்கிரஸ் 10 முதல் ‘பிஜி மானிட்டர்’னு இதுக்கான அனுமதித் தொகுப்பு (ரோல்) கூடவே வருது.

முப்பந்தல்: காற்றாலை ரீடிங்கை நிரந்தரமா புரொமிதியஸில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மாத்தாம விட்டா 15 நாளில் அழிச்சிரும். போஸ்ட்கிரஸில் டேபிளை மாதவாரி பார்ட்டிஷனா பிரிச்சுப் போடுங்க.

மார்த்தாண்டம்: சின்னக் கடை, ஒரே சர்வர், போஸ்ட்கிரஸ். மானிட்டரையும் அதிலேயே வச்சா என்ன?

பதில்: டிஸ்க் நிரம்பினா ரெண்டும் சேர்ந்து படுக்கும். காப்பி சர்வருக்காக மாற்றங்களைப் பிடிச்சு வைக்கிற ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒண்ணைக் கைவிட்டாலே போதும், பழைய மாற்றப் பதிவுக் கோப்புகளை (WAL) அழிக்க விடாம டிஸ்க்கை நிரப்பிரும். பழைய லேப்டாப் ஒண்ணில் வையுங்க.

மார்த்தாண்டம்: லேப்டாப்பும் அதே கடையில்தானே அண்ணாச்சி? மழையில் கரண்டும் நெட்டும் போனா ரெண்டும் ஊமை.

பதில்: நல்ல பிடி. அப்ப மானிட்டர் நிமிஷத்துக்கு ஒருமுறை வெளி சர்வர் ஒண்ணுக்குச் சத்தம் கொடுக்கணும். 5 நிமிஷம் சத்தம் வரலேன்னா அங்கிருந்து உங்க போனுக்கு எஸ்எம்எஸ்.

நாகர்கோவில்: அதுக்கு கிளவுட் மானிட்டரே வாங்கிரலாமே?

பதில்: வாங்கலாம், கொயரியும் கூடவே வெளியே போகும். வாடிக்கையாளர் போன் நம்பர் வச்சு ஒரு செலக்ட் ஓட்டுங்க. டாஷ்போர்டில் நம்பர் அப்படியே தெரிஞ்சா மறைக்கிற வசதியைத் தேடுங்க, இல்லேன்னா விடுங்க.

மார்த்தாண்டம்: நெட் போற ஊரில் கிளவுட் எதுக்கு? கிராஃபில் ஓட்டைதான் விழும்.

பதில்: எல்லா ஏஜென்ட்டும் (உங்க சர்வரில் அளவெடுத்து கிளவுடுக்கு அனுப்புற மென்பொருள்) அப்படியில்லை. சிலது சேர்த்து வச்சு, நெட் வந்ததும் அனுப்பும். நெட் கேபிளை அரை மணி நேரம் பிடுங்கி வச்சுப் பாருங்க. விற்கிறவர் முன்னாடியே பிடுங்குங்க.

தக்கலை: பிரவுசரில் மைஎஸ்கியூஎல்லை நிர்வகிக்கிற பிஎச்பிமைஅட்மினை வெளியே திறந்து வச்சிருக்கேன். போர்ட் மாத்தியாச்சு, போதுமா?

பதில்: போதாது. மூடிட்டு எஸ்எஸ்எச் டனல் (பூட்டின தனிப் பாதை) வழியா போங்க.

குலசேகரம்: மானிட்டருக்கு ரூட் கொடுக்கலாமா?

பதில்: குளச்சல்காரருக்குச் சொன்னதைப் படி மக்கா.

இரணியல்: போஸ்ட்கிரஸைத் திறந்து வேலை பார்க்க டிபீவரா, பிஜிஅட்மினா?

பதில்: எதுவும் சரி. டிபீவரில் கனெக்‌ஷனை ‘புரொடக்‌ஷன்’னு குறிச்சா நிறம் சிவப்பாகும், ஆட்டோ கமிட்டும் அணைஞ்சிரும். நல்லதுதான், ஆனா கமிட் பண்ணாம சாப்பிடப் போனா தோவாளைக்காரரின் லாக்தான் உங்களுக்கும். போஸ்ட்கிரஸில் சும்மா கிடக்கிற டிரான்சாக்‌ஷனுக்கு 5 நிமிஷ டைம்அவுட் போடுங்க; தானா வர்றது 0, அதாவது வரம்பே கிடையாது.

நாகர்கோவில்: ரூட் கொடுத்தாத்தான் முழுசா வேலை செய்யும்னு விற்க வந்தவர் சொல்றாரே?

பதில்: வேற கருவி பாருங்க.