ஆளி விதைப் பொடியில் பூஞ்சை: கடைக்காரர் மீது வழக்குப் போட முடியுமா?

கேள்வி: ஈரோட்டில் ஓர் இயற்கை அங்காடியில் அரை கிலோ ஆளி விதைப் பொடி வாங்கினேன். அப்பா ஒரு வாரம் மோரில் கலந்து குடித்தார். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். பிறகு பார்த்தால் பாக்கெட்டின் அடியில் பொடி கட்டி தட்டி, சாம்பல் நிறத்தில் பூஞ்சை. "பிரித்தது நீங்கள், காற்று பட்டிருக்கும்" என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: கடைக்காரர் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலும் அதைத்தான் பிடித்துக்கொள்வார். பிரித்த பாக்கெட்டை மட்டும் வைத்து வழக்கை நிலைநிறுத்துவது கடினம். அதனால் முதல் வேலை, அதே பேட்ச் எண் உள்ள பிரிக்காத பாக்கெட் கடையில் இருக்கிறதா என்று பார்ப்பது.

இருந்தால் பில்லோடு ஒன்று வாங்குங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40வது பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: "பரிசோதனைக்குத்தான் வாங்குகிறேன்" என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பில்லின் பின்புறம் அதை எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால், கூட ஒரு சாட்சி இருக்கட்டும். பொருள் சட்டப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். கூடவே மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். அவர்களே வந்து மாதிரி எடுப்பது இன்னும் பலம்.

பரிசோதனையில் சால்மோனெல்லாவையும் (வாந்தி, வயிற்றுப்போக்கு வரவழைக்கும் பாக்டீரியா) பார்க்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். காய்ந்த பொடியில் கிருமி இருக்காது என்பது தப்பான நினைப்பு. அது அங்கே பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியோடு மலப் பரிசோதனை அறிக்கையையும் வாங்கி வையுங்கள். பொடியிலும் மலத்திலும் ஒரே கிருமி என்றால் வழக்கு பாதி ஜெயித்த மாதிரி. ஒரு விஷயம், கலந்த மோரை இரவு முழுக்க வெளியில் வைத்தீர்களா? குறுக்கு விசாரணையில் கட்டாயம் கேட்பார்கள்.

வெறும் சிக்கு வாடை மட்டும் என்றால் கதை வேறு. அரைத்த ஆளி விதையில் எண்ணெய் சீக்கிரம் கெடும், அது தரக்குறைவு. 51வது பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆனால் அது அரசுக்குப் போகும், உங்களுக்கு இல்லை. உடல்நலம் கெட்டது நிரூபணமானால் 65வது பிரிவு இழப்பீட்டுக்கு வழி செய்கிறது: கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை.

லேபிளில் தயாரிப்பாளர் முகவரியும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணும் இருக்கின்றனவா? தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கு என்றால் 27வது பிரிவு கடைக்காரரையே பொறுப்பாக்குகிறது. அப்புறம் "நான் விற்றேன், அவ்வளவுதான்" என்று அவர் நழுவ முடியாது.

மருத்துவச் செலவுக்கும் மன உளைச்சலுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் சரியான இடம். கடை, தயாரிப்பாளர் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். வாங்கியது நீங்கள், சாப்பிட்டது அப்பா என்பது தடையில்லை. உங்கள் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோர்தான். இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.