குன்னூரில் மகளுக்குக் கிட்டார் வாங்கப் போகிறேன், இரண்டு வருஷத்தில் அவள் விட்டுவிட்டால் பாதி விலைக்காவது விற்க முடியுமா?

முடியும், பாதிக்கு மேலேயே கிடைக்கும். ஆனால் புதுசு வாங்காதீர்கள்.

நான் கோத்தகிரிக்காரன். முதல் கிட்டாரைக் கீழே கோவையில் ஒரு கடையில் 9,000 ரூபாய்க்கு வாங்கினேன், கேள்விப்படாத பிராண்ட், பையும் தோளில் மாட்டும் பட்டையும் இலவசம் என்றதும் மயங்கிவிட்டேன். வீட்டில் ஓதம் ஏறும் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். ஐப்பசி மழை முடிந்து எடுத்தால் முதுகெல்லாம் பூசணம், கம்பியில் துரு, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பலகையை விட்டு எழும்பி நிற்கிறது. 2,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன், அதற்கே அவர் யோசித்தார்.

அடுத்து வாங்கியது பழைய யமஹா எஃப்310. படிப்பு முடிந்து மே மாதம் ஊருக்குக் கிளம்பிய ஒரு ஹாஸ்டல் பையனிடம் 5,500க்கு வாங்கி, நாலு வருஷம் வாசித்து, 5,000க்குக் கொடுத்தேன். கடையை விட்டு வெளியே வந்ததும் விழுகிற விலையை அந்தப் பையன் ஏற்கெனவே சுமந்துவிட்டான், அப்புறம் இந்த மாடலைத் தெரியாதவர் கிடையாது என்பதால் வாங்க வருகிறவரிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

மேல்பலகை முழு மரமாக இருந்தால் (யமஹாவில் எஃப்ஜி800 அப்படி) மறுவிலை நிற்கும் என்பார்கள். சரிதான், ஆனால் அது சமவெளிக் கணக்கு. முழு மரம் ஈரத்தில் உப்பும், அதையே கோடையில் கோவைக்குக் கொண்டுபோனால் சுருங்கி வெடிக்கும், கிட்டார்க் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்கிற உலோகக் கம்பிகளின் முனைகள் கையைக் கீறும். ஒட்டுப்பலகை நம் மேகத்தையும் மழையையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். எஃப்310 ஒட்டுப்பலகைதான். பெண்ணுக்கு அது போதும்.

பழசு வாங்கும்போது பிரிட்ஜுக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள், உள்ளே போனால் திரும்பி வந்துவிடுங்கள். கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் முறுக்கு தெரியும். 12ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி என்றால் பிள்ளைக்கு விரல் வலிக்கும், ஒரு மாதத்தில் விட்டுவிடுவாள். அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டி, ஃபோனில் இருக்கும் ட்யூனர் ஆப்பில் சுருதியைப் பாருங்கள், திறந்த கம்பியின் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும்.

கீபோர்டு வாங்கலாமா என்று யோசித்தால், மறுவிலையை மறந்துவிட்டு வாங்குங்கள். புது மாடல் வந்ததும் பழசின் விலை இறங்கிவிடும், ஈரத்தில் கட்டைக்குக் கீழே உள்ள காண்டாக்ட் வேறு மக்கர் பண்ணும்.

குன்னூருக்கும் எங்களுக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. அந்த இரண்டு மாதம் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். பில்லைப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள். விற்பதாக இருந்தால் பள்ளி திறக்கும் ஜூனில் விற்கலாம்.

சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப் மாட்டுகிறேன் என்று ஓட்டை போட விடாதீர்கள். ஸ்டிக்கரும் வேண்டாம். எனக்கு அந்த 500 ரூபாய் குறைந்ததே என் பையன் ஒட்டிய ஸ்பைடர்மேனைச் சுரண்டப்போய் வார்னிஷும் சேர்ந்து வந்ததால்தான்.