கதிர் பட்ட வயரைக் கையால் தொடலாமா?

கேள்வி: கோவையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எலக்ட்ரான் கதிர் கொடுத்தது, சூட்டையும் எண்ணெயையும் தாங்கும் என்று சொல்லி ஒரு லீட் வயரை (மோட்டார் சுருளிலிருந்து வெளியே வரும் வயர்) கொடுத்தார்கள். கதிர் பட்டால் அந்த ரப்பரில் என்ன மாறுகிறது? பையன்கள் வெறும் கையால் தொடுகிறார்களே, ஆபத்து இல்லையா?

பதில்: தாராளமாகத் தொடலாம் தம்பி. வயர்களுக்குக் கொடுக்கும் எலக்ட்ரான் கதிருக்கு, அணுக்கருவைக் கலைத்துக் கதிரியக்கம் உண்டாக்கும் அளவு ஆற்றல் கிடையாது. எந்திரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுபோகும். வயரில் எதுவும் தங்காது.

இனி உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். இடியாப்பத்தின் இழைகளைப் போல நீள நீளமான சங்கிலிகள் பின்னிக் கிடப்பதுதான் பிளாஸ்டிக்கும் ரப்பரும். சூடு ஏறினால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். உருகுவது என்கிறோமே, அது இதுதான். கதிர் பட்டதும் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் அணுக்கள் கழன்றுபோக, பக்கத்துப் பக்கத்து இழைகள் கார்பனோடு கார்பனாகக் கைகோத்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு சூடாக்கினாலும் இளகுமே தவிர ஒழுகாது. கந்தகம் போட்டு வேகவைத்த ரப்பரில் கந்தகப் பிணைப்புகள் சூட்டில் முதலில் அறுந்துபோகும். கார்பன் பிணைப்பு அதைவிட உறுதியானது. இங்கிலாந்தில் ஹார்வெல் அணு உலையில் பாலித்தீனை வைத்து, இந்த மாற்றத்தை 1952-இல் எழுதி வெளியிட்டவர் ஆர்தர் சார்ல்ஸ்பி.

எண்ணெய் விஷயம் வேறு. அம்பத்தூரில் 30 வருஷம் ரப்பர் கலக்கும் மிக்சிங் மில் முன்னால் நின்றவன் நான். எண்ணெயில் ஊறாத குணம் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரின் பிறவிக்குணம். அதில் சேரும் அக்ரிலோநைட்ரைல் என்ற மூலப்பொருள் கூடக்கூட எண்ணெய் உள்ளே போவது குறையும். ஆனால் குளிரில் விறைக்கும். கதிர், கைகோத்த இழைகளின் வலையை இறுக்கி உப்புவதை இன்னும் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். இயற்கை ரப்பருக்கு எவ்வளவு கதிர் கொடுத்தாலும் என்ஜின் ஆயிலில் போட்டால் உப்பத்தான் செய்யும்.

ஒருமுறை நைட்ரைலோடு பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கைக் கலந்து ஷீட் போட்டு, கதிர் கொடுக்க அனுப்பினோம். திரும்பி வந்ததை மடித்தேன், அப்பளம்போல் முறிந்தது. பாலிப்ரொப்பிலீனில் கதிர் இழைகளைக் கோப்பதைவிட அறுப்பதுதான் அதிகம். சைக்கிள் டியூபில் வரும் பியூட்டைல் ரப்பரும் அதே ஜாதி. அடுத்த தடவை இ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிடேட்) என்ற மிருதுவான பிளாஸ்டிக்குக்கு மாறினோம். நைட்ரைலோடு நன்றாகக் கலக்கும், கதிரில் இழைகளும் கோத்துக்கொள்ளும். கூடவே, கைகோக்க உதவும் ட்ரையலைல் சயனுரேட்டைக் கொஞ்சம் சேர்த்துக் கதிரின் அளவையும் குறைத்துக்கொண்டோம். தனியாக வைத்தால் 100 டிகிரிக்குள் உருகிவிடும் அந்த இ.வி.ஏ., கதிருக்குப் பிறகு 120 டிகிரி ஓவனில் வடிவம் குலையாமல் நின்றது. அன்று பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் பட்டறையில் வார்னிஷ் போட்டு ஓவனில் சுடும்போதுதான் லீட் வயருக்கு உண்மையான சோதனை. சரி, அதற்கு முன்னால் நீங்களே பார்த்துவிடுங்கள். உறையில் சால்டரிங் அயர்ன் முனையை வையுங்கள்: இழைகள் கைகோக்காத பிளாஸ்டிக் இளகி ஓடிவிடும், கைகோத்தது கருகினாலும் ஓடாது. அடுத்து, கம்பியை உருவிவிட்டு ஒரு துண்டு உறையை எடை போட்டு, உங்கள் மோட்டாரில் படும் அதே ஆயிலில் மூன்று நாள் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். பழைய வயரின் உறையையும் பக்கத்திலேயே ஊறவையுங்கள். இரண்டு எடைகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.