சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ள அப்பாவுக்கு இதயத்தின் மூன்று இரத்தக் குழாயிலும் அடைப்பு, பைபாஸ் செய்தால் எவ்வளவு காலம் இருப்பார்?

"நெஞ்சு நோவே இல்லை, வயலுக்குக்கூடப் போய் வருகிறார், ஸ்டென்ட் வைத்தால் போதாதா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நோவில்லை என்ற அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை, எங்கள் வீட்டில் நடந்ததையும் அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும்தான் சொல்கிறேன், அதனால் "நீ யார் வைத்தியம் சொல்ல" என்று யாரும் கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம்.

எங்கள் அப்பா மட்டக்களப்புப் படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர். சீனி நெடுநாளாக இருந்தது, குளிசையும் போட்டார், ஆனால் தயிர்ச் சட்டியைக் கண்டால் சீனி போடாமல் எழும்ப மாட்டார். பெரும்போக நெல் வெட்டு நேரம் வயல் வாடியில் கிடந்தவர் ஒரு காலையில் சத்தி எடுத்து, களைத்துப்போய் வந்து திண்ணையில் சாய்ந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது, கை சில்லிட்டிருந்தது, நகம் எல்லாம் வெளிறிப்போய் இருந்தது. நெஞ்சு நோகுதா என்று கேட்டால் "இல்ல மனே, கொஞ்சம் இளைக்குது, அவ்வளவுதான்" என்கிறார். அம்மா வாய்வு என்று உள்ளி அவிக்கப் போய்விட்டா. பெரியப்பா வெயில் என்றார். தங்கச்சி ஒருத்திதான் யாரிடமும் கேட்காமல் 1990 என்ற நம்பருக்கு எடுத்து அம்புலன்சை வரவைத்தாள்.

அது அட்டாக். அது மட்டுமில்லை, ஈசிஜியில் அதற்கு முன்னம் வந்து போன ஒரு அட்டாக்கின் அடையாளமும் இருந்தது, அது எப்போது வந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சீனி பல வருடம் கூடிக் கிடந்தால் கால் விறைக்கிறதே, அதே மாதிரி இதயத்துக்குப் போகிற நரம்பும் பழுதாகலாம், அப்போது நோவு தெரியாமல் போகலாம். களைப்பு, வியர்வை, இளைப்பு, சத்தி என்று வேறு வழியில் காட்டலாம். ஆகவே நோவில்லை என்பதை வைத்து அடைப்பு சின்னது என்று நினைக்காதீர்கள்.

ஸ்டென்ட்டா பைபாஸா என்பதற்கு வருகிறேன். அஞ்சியோகிராம், அதாவது இதயக் குழாய்க்குள் மருந்து ஏற்றி எடுக்கிற படத்தை, டாக்டர் எங்களுக்கும் காட்டினார். ஓர் இடத்தில் மட்டும் அடைத்திருந்தால் அந்த இடத்தில் ஸ்டென்ட், அதாவது குழாயை விரித்துப் பிடிக்கிற சின்ன வலை, வைக்கலாம், ஆனால் சீனிக்காரருக்குப் பெரும்பாலும் வாய்க்கால் முழுக்க மண் படிந்த மாதிரி நீளத்துக்குப் படிந்திருக்கும், குழாயும் ஒடுங்கியிருக்கும். பைபாஸில் அடைப்பைத் தாண்டிக் கீழே புதுக் குழாய் இணைக்கிறார்கள், அதனால் மேலே நாளைக்கு இன்னோர் இடம் அடைத்தாலும் கீழே ரத்தம் போகும். 2012இல் வந்த ஃப்ரீடம் என்ற ஆய்வு இதைத்தான் பார்த்தது. சீனி வருத்தமும் ஒன்றுக்கு மேற்பட்ட குழாயில் அடைப்பும் உள்ள 1900 பேர். ஐந்து வருடத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.3 சதவீதம் பேரும், பைபாஸ் செய்தவர்களில் 10.9 சதவீதம் பேரும் இறந்தார்கள். ஆனால் பாரிசவாதம் பைபாஸ் பக்கம்தான் கூடுதலாக வந்தது, பைபாஸில் 5.2 சதவீதம், ஸ்டென்ட்டில் 2.4 சதவீதம், அதையும் மறைக்கக் கூடாது. எல்லாரையும் வெட்டச் சொல்கிறேன் என்று அர்த்தமில்லை. சிறுநீரகம், வயது, எக்கோ என்ற இதய ஸ்கேனில் தெரிகிற இதயம் அடிக்கிற பலம், குழாயின் கீழ்ப்பகுதி தைக்கத் தக்கதாக இருக்கிறதா, இதெல்லாம் பார்த்துத்தான் சொல்வார்கள். நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியதும் இவற்றைத்தான்.

எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே "நல்லா இருந்த மனுசன நோயாளி ஆக்கிப்போட்டாங்க" என்றார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அதைவிட, அரச ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் கொழும்பில் துணைக்கு நிற்கிறவருக்குத் தங்க, சாப்பிடக் காசு வேண்டுமே, நெல்லை விற்கப் போனால் வருசா வருசம் எங்களிடம் வாங்குகிற வியாபாரி எங்கள் நிலைமை தெரிந்துகொண்டு "ஈரம் கூட" என்று மூட்டைக்கு மூட்டை கிலோ கழித்தார். அந்த நெல் காய்ந்த நெல், நானே பாயில் கிளறிக் காயவைத்தது. ஒருவர் வீட்டில் உயிருக்குப் போராடும்போது தராசில் கை வைக்கிறவர்களை என்னவென்று சொல்வது! சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

எத்தனை வருடம் என்று டாக்டராலும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு என்ன செய்கிறார் என்பதில் நிறைய இருக்கிறது. பைபாஸ் செய்த எங்கள் அப்பாவுக்கு நெஞ்சுக் காயம் ஆறிவிட்டது, புதுக் குழாயாக வைக்க இரத்தக் குழாய் எடுத்த கால் காயம்தான் சீனி இறங்கும்வரை ஆறாமல் கசிந்துகொண்டிருந்தது, அதை முன்கூட்டியே மனதில் வையுங்கள். இருமும்போது நெஞ்சோடு தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்வார்கள், அதைக் கட்டாயம் செய்ய வையுங்கள். அஸ்பிரின் ரத்தம் கட்டியாகாமல் இருக்கத் தருவது, கொலஸ்ட்ரோல் குளிசையும் கொலஸ்ட்ரோல் கூடியதால் மட்டும் தருவதில்லை, "ரிப்போர்ட் நல்லா வந்திட்டுது" என்று நிறுத்தினால் புதுக் குழாயும் அடைக்கலாம். கெட்ட கொலஸ்ட்ரோல் (ரிப்போர்ட்டில் LDL) 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். சீனியை ஒரேயடியாகக் குறைக்கப் போய்ப் பட்டினி போடவும் வேண்டாம், வயதானவருக்குச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிப் போவதும் ஆபத்து. பீடி, சிகரெட் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்னமே விட வையுங்கள்.

அப்பா இப்போது சிறுபோகத்தில் வரம்பில் நின்று வேலை சொல்கிறார், மூட்டை தூக்க விடுவதில்லை. உங்கள் அப்பாவுக்குத் திகதி கிடைத்தால் வெட்டு முடியட்டும், கலியாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அம்மாவுக்கும் சீனி இருக்கிறதென்றால், நோவு வரும்வரை காத்திராமல் அடுத்த கிளினிக்கில் அவவின் இதயத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.