பட்டா இல்லாத வீடு வெள்ளத்தில் இடிந்தால் நிவாரணம் கிடையாதா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையோரக் கிராமம் எங்களுடையது. 2024 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் மூன்று நாள் தண்ணீர் நின்றது. செங்கல் சுவர் வைத்த ஓட்டு வீடு. பின்பக்கச் சுவர் விழுந்து, உத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் பார்த்துவிட்டு ‘பகுதி சேதம்’ என்று எழுதிப் போனார். அந்தப் பணமும் வரவில்லை. தாலுகா ஆபீசில் கேட்டால், ‘இடம் புறம்போக்கு, பட்டா இல்லை’ என்கிறார்கள். மாமனார் காலத்திலிருந்து வீட்டு வரி கட்டுகிறோம். காலி செய்ய நோட்டீஸ் வரும் என்றும் ஊரில் பேச்சு. கணவர் இல்லை, மாமியாரும் இரண்டு பிள்ளைகளும்தான். நான் என்ன செய்வது?

பதில்: சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்ட அந்த விடியற்காலையில் கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பட்டாவைத் தேடி எடுத்துக்கொண்டு யாரும் ஓடவில்லை. அதனால் ‘பட்டா இல்லை’ என்று வாயால் சொன்னதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 என்று ஒன்று இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவு, வீட்டுச் சேதத்துக்கும் வாழ்வாதாரத்தை மீட்பதற்கும் உதவி வழங்க வழிகாட்டுதல் வகுக்க வேண்டும் என்கிறது. இது அரசு விரும்பினால் செய்யலாம் என்கிற விஷயமல்ல, கட்டாயக் கடமை என்று 2021 ஜூன் 30 அன்று கொரோனா மரணங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொகை எவ்வளவு என்பதை அரசு தீர்மானிக்கலாம், கடமையே இல்லை என்று சொல்ல முடியாது.

உங்களுக்கு எதிராக இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் நிவாரண விதிமுறையில், சேதமான வீடு ‘அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம்’ என்று மாநில அரசின் உரிய அலுவலர் சான்றளிக்க வேண்டும் என ஒரு குறிப்பு உண்டு. தாலுகா ஆபீசில் இதைத்தான் மனதில் வைத்துப் பேசியிருப்பார்கள். ஆனால் அந்தக் குறிப்பில் ‘பட்டா’ என்ற சொல் கிடையாது. ஊராட்சி வரி போட்ட வீடு, மின் இணைப்பு கொடுத்த வீடு, குடும்ப அட்டையில் முகவரியாக ஏறிய வீடு. இவற்றால் நிலம் உங்களுடையதாகிவிடாது. ஆனால் அந்த வீட்டை அரசே இத்தனை காலம் வீடாக ஏற்றுக்கொண்டது என்று காட்ட இவை உதவும்.

அதைவிட முக்கியம், அது என்ன வகைப் புறம்போக்கு என்பது. ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கும். ‘கிராம நத்தம்’ என்றிருந்தால் உங்கள் கை ஓங்கும். நத்தம் குடியிருப்புக்கான இடம், அது அரசின் சொத்து அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஊரில் நத்தத்தையும் சேர்த்துப் புறம்போக்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதில்தான் பாதிக் குழப்பம். ‘ஆறு’, ‘வாய்க்கால்’, ‘ஏரி’ என்று இருந்தால் நிலைமை வேறு. அந்த இடத்துக்குப் பட்டா கிடைக்காது. அப்போதும் நோட்டீஸ் கொடுத்து, உங்கள் பதிலைக் கேட்டு, அதன் பிறகே அகற்ற முடியும். நோட்டீஸ் வந்தால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்துவிடுங்கள். மாற்று இடத்தில் வீட்டுமனைப் பட்டா வேண்டும் என்ற கோரிக்கையையும் அதிலேயே வையுங்கள்.

சரி, ‘பகுதி சேதம்’ விவகாரத்துக்கு வருவோம். வெள்ளம் வந்தபோது அமலில் இருந்த மத்திய அரசின் 2022-26 நிவாரண விதிமுறைப்படி சமவெளியில் வீடு முழுச் சேதமானால் 1,20,000 ரூபாய். பகுதி சேதம் 15 சதவீதமாவது இருந்தால், உறுதியான வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு 4,000. ஒரே ஒரு சொல்லில் ஒரு லட்சத்துக்கு மேல் போய்விடுகிறது! சுவர் விழுந்து உத்திரம் சாய்ந்த வீட்டில் பிள்ளைகளைப் படுக்க வைக்க முடியாது, அதை எப்படிப் பகுதி சேதம் என்பது? மறு ஆய்வு கேளுங்கள். பொறியாளரைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள்.

சுவரில் தண்ணீர் நின்ற கறைக் கோடு இன்னும் இருந்தால் சுண்ணாம்பு அடித்துவிடாதீர்கள். முன்பு என்னிடம் வழக்குக்காக வந்த ஒருவர் எடுத்து வந்த போட்டோவில் மீட்டர் பெட்டியும், அதில் சாக்பீஸால் எழுதிய இணைப்பு எண்ணும், அதற்கு ஒரு சாண் மேலே கறைக் கோடும் தெரிந்தன. எந்த வீடு, எவ்வளவு தண்ணீர் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டையும் அப்படி எடுங்கள். ஆனால் எதையும் கூட்டிச் சொல்லாதீர்கள். பொய்யாக நிவாரணம் கேட்டால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

இன்னொன்று, வீடு இரண்டு நாளுக்கு மேல் முழுகிக் கிடந்தால் துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500 என்று அதே விதிமுறையில் இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மனுவில் சேருங்கள்.

மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள், நகல் வட்டாட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் போகட்டும். கூடவே பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் வீட்டின் சேத ஆய்வு அறிக்கை, நிவாரணப் பட்டியல், மறுத்ததற்கான உத்தரவு ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வரவேண்டும். உங்களிடம் இப்போது இல்லாதது அந்த எழுத்து உத்தரவுதான். அது இல்லாமல் எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

அப்படியும் அசையவில்லை என்றால் முன்சீப் கோர்ட்டுக்குப் போகாதீர்கள், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்திருக்கிறது. அரசு தன் கடமையைச் செய்ய உத்தரவிடும்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுதான் வழி. தாமதமும் கேள்வியாகும் என்பதால் இனி மாதங்களைக் கடத்த வேண்டாம். செலவுக்குப் பயப்படாதீர்கள். வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர் என்பதாலும், பெண் என்பதாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில், வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். வீட்டு வரி ரசீதுகளைக் கையோடு எடுத்துப் போங்கள், மாமனார் பெயரில் உள்ள பழைய ரசீதுகளையும்.